சென்னை டு மங்களூர்: காணாமல் போன 40 மைல்

மொபைலை எடுங்க. டிக்கெட் புக் பண்ணுகிற ஏதாவது ஒரு ஆப்பில் சென்னை, மங்களூர் என்று போட்டுப் பாருங்க. நேரடி விமானம் என்றால் ஒன்றேகால் மணி நேரத்திலிருந்து ஒன்றே முக்கால் மணி நேரம் வரை காட்டும். ஜெட்டா, இரண்டு பக்கமும் விசிறி சுற்றுகிற ஏடிஆர் விமானமா என்பதைப் பொறுத்து அது மாறும். இரண்டு விமான நிலையங்களுக்கும் நடுவே வான்வழித் தூரம் சுமார் 574 கி.மீ. அதே மங்களூருக்கு சென்ட்ரலில் ரயில் ஏறினால், பாலக்காடு வழியாகச் சுற்றிக்கொண்டு கிட்டத்தட்ட 900 கி.மீ.

ரயில் தூரத்தைத் தண்டவாளத்தோடு போய் அளந்திருப்பார்கள். ரோட்டுத் தூரத்தை வண்டி மீட்டரே சொல்லிவிடும். ஆனால் இந்த 574-ஐ யார் அளந்தது? நடுவில் மலை இருக்கு, காடு இருக்கு, ஆறு இருக்கு. வானத்தில் டேப்பைப் பிடித்துக்கொண்டு யாரும் நடக்க முடியாது.

சாட்டிலைட் என்று சொல்வீங்க. இன்றைக்கு அது சரிதான். ஆனால் முதல் செயற்கைக்கோள் மேலே போவதற்கு 150 வருஷம் முன்னாடியே, இந்தத் தூரம் எவ்வளவு என்று ஒருவர் நம்பகமாகச் சொல்லிவிட்டார். அதுவரை இருந்த வரைபடங்கள் சென்னைப் பக்கத்துக் கடற்கரையிலிருந்து மங்களூர்ப் பக்கத்துக் கடற்கரைக்குச் சுமார் 400 மைல் என்று காட்டின. அவர் அளந்து பார்த்ததில் வந்தது சுமார் 360 மைல். தென்னிந்தியாவின் அகலத்தில் 40 மைல், அதாவது 64 கி.மீ., அப்படியே காணாமல் போனது. வேலையை அவர் ஆரம்பித்த இடம் இன்றைய சென்னை விமான நிலையத்துக்குப் பக்கத்தில், பரங்கிமலை அடிவாரத்தில். பெயர் வில்லியம் லாம்ப்டன். சிவில் பசங்க சர்வே வகுப்பில் இந்தப் பெயரைக் கேட்டிருப்பீங்க, ஒரு வரியில் கடந்தும் போயிருப்பீங்க.

அவர் செய்தது என்ன என்று புரிய, நம்ம பக்கத்துக்கே வாங்க. எண்ணூர் முகத்துவாரத்துக்குத் தெற்குக் கரையில் நின்று வடக்கே பாருங்க. அனல்மின் நிலையத்துப் புகைபோக்கிகள் தெரியும். அதற்கும் அப்பால், வானம் தெளிவாக இருந்தால், காட்டுப்பள்ளித் துறைமுகத்துக் கிரேன்கள் பொம்மை மாதிரித் தெரியும். கண்ணுக்கு முன்னால்தான் இருக்கு. ஆனால் நடுவில் தண்ணீர். படகு இருக்கிறவங்களுக்கு அது ஒரு தூரம், பைக்கில் ஆற்றைச் சுற்றிக்கொண்டு போகிறவங்களுக்கு அது வேறு தூரம். மூன்றாவதாக ஒன்று இருக்கு: நூல் பிடித்தாற்போல நேர்க்கோட்டுத் தூரம். அதைத் தண்ணீரைத் தாண்டாமலே கண்டுபிடிக்கலாம்.

இந்தக் கரையில் 500 மீட்டர் இடைவெளியில் இரண்டு குச்சி நடுங்க. அதுதான் அடிக்கோடு. முதல் குச்சியிலிருந்து பார்த்தால் ஒரு புகைபோக்கிக்கும் உங்கள் கோட்டுக்கும் நடுவே 90 டிகிரி, இரண்டாவது குச்சியிலிருந்து 80 டிகிரி என்று வைத்துக்கொள்வோம். 500-ஐ டேன் 80-ஆல் பெருக்கினால் 2,836 மீட்டர். முடிந்தது, புகைபோக்கி அவ்வளவு தூரத்தில் இருக்கு. பத்தாம் வகுப்புக் கணக்கு.

இப்போ 80 டிகிரி என்பதை நீங்க தவறாக 81 என்று படித்துவிட்டதாக வையுங்க. விடை 3,157 மீட்டர். ஒரு டிகிரி பிசகியதற்கு 321 மீட்டர் தண்டனை! கோணத்தை ஒரு செகண்டு அளவுக்குத் துல்லியமாக, அதாவது ஒரு டிகிரியில் 3,600-ல் ஒரு பங்குக்குப் படித்தால் பிழை 8 செ.மீ. அளவுக்கு இறங்கிவிடும். லாம்ப்டனின் வாழ்க்கை முழுக்க இந்த 321 மீட்டருக்கும் 8 சென்டிமீட்டருக்கும் நடுவில் ஓடிய ஓட்டம்தான். புகைபோக்கிக்குப் பதில் மலை உச்சி, 500 மீட்டருக்குப் பதில் ஏழரை மைல், ஒரு முக்கோணத்துக்குப் பதில் நூற்றுக்கணக்கில்.

ஆள் யார்? இங்கிலாந்தின் யார்க்‌ஷயர் பகுதியில், நார்த்தலர்ட்டன் என்ற ஊருக்குப் பக்கத்தில் ஒரு சாதாரண விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர். எந்த வருஷம் என்பதிலேயே ஆய்வாளர்களுக்குள் சண்டை இருக்கு. 1753 அளவில் என்று பலர் எழுதுகிறார்கள். உலகத்தின் அளவைச் சொன்னவருக்குப் பிறந்த நாள் தெரியாது. வசதி இல்லாத வீடு. கணக்கில் கெட்டிக்காரன் என்று பார்த்து அக்கம்பக்கத்துப் பெரியவர்கள் படிப்புக்கு உதவினார்கள். 1780-களின் தொடக்கத்தில் ராணுவத்தில் மிகக் கீழ்நிலை அதிகாரியாகச் சேர்ந்து வட அமெரிக்காவுக்குப் போனார். அங்கே, இன்றைய கனடாவின் நியூ பிரன்ஸ்விக் பகுதியில், படைவீரர் குடியிருப்புகளைக் கவனித்துக்கொள்கிற வேலையில் ஏறத்தாழ 13 வருஷம் கழிந்தது. பதவி உயர்வு கிடையாது, போர் கிடையாது, பெயரும் கிடையாது. புத்தகம் வாங்கிக் கணிதமும் வானியலும் தானாகப் படித்தார். சூரிய கிரகணத்தைச் சரியான பாதுகாப்பு இல்லாமல் பார்த்து ஒரு கண்ணின் பார்வையைக் கெடுத்துக்கொண்டார். பின்னாளில் தென்னிந்தியா முழுவதையும் அவர் தொலைநோக்கியில் பார்த்தது மிச்சமிருந்த நல்ல கண்ணால்தான்.

நாற்பது வயதைத் தாண்டியும் ஒன்றும் ஆகவில்லை. இன்டர்ன்ஷிப் கிடைக்கலையே என்று மூன்றாம் வருஷத்திலேயே தலையில் கை வைக்கிறவங்க இந்த இடத்தைக் கொஞ்சம் நிதானமாகப் படிங்க.

அவருடைய 33-ஆம் படைப்பிரிவு இந்தியாவுக்கு வந்தது. அதன் தளபதி ஆர்தர் வெல்லெஸ்லி, பின்னாளில் வாட்டர்லூவில் நெப்போலியனைத் தோற்கடித்த வெலிங்டன் பிரபு. 1798-ல் படை சென்னைக்கு வந்தது. அடுத்த வருஷம் திப்பு சுல்தானுக்கு எதிரான கடைசி மைசூர்ப் போர். அதில் நடந்த ஒரு சம்பவம் லாம்ப்டனைப் பற்றி எழுதுகிற எல்லோரும் சொல்வது. ஸ்ரீரங்கப்பட்டணத்துக்குப் பக்கத்தில், இருட்டில், ஜெனரல் பெயர்டின் தலைமையில் ஒரு படை தன் முகாமுக்குத் திரும்புவதாக நினைத்து நடந்துகொண்டிருந்தது. லாம்ப்டன் தலையைத் தூக்கி நட்சத்திரங்களைப் பார்த்தார். வடக்கே போகவேண்டிய படை தெற்கே, திப்புவின் பக்கமாகவே போய்க்கொண்டிருக்கிறது என்று சொன்னார். ஜெனரல் முதலில் நம்பவில்லை. பிறகு திசைகாட்டியை எடுத்துப் பார்த்தால், நட்சத்திரம் சொன்னதுதான் சரி.

1799 மே மாதம் திப்பு கொல்லப்பட்டார். மைசூர் வீழ்ந்தது. கிழக்குக் கடலுக்கும் மேற்குக் கடலுக்கும் நடுவே கம்பெனியின் கை ஓங்கியது. பிடித்த நாட்டின் வரைபடம் கம்பெனிக்கு வேண்டியிருந்தது: எங்கே படையை நடத்துவது, எங்கே எவ்வளவு வரி வாங்குவது. லாம்ப்டன் அந்த நேரம் பார்த்துத் தன் திட்டத்தை நீட்டினார். வெறும் மைசூர் வரைபடம் இல்லை. ஒரு கடற்கரையிலிருந்து மறு கடற்கரை வரை முக்கோணங்களால் தீபகற்பத்தைக் கட்டிவிடுவது, போகிற போக்கில் பூமியின் வடிவத்தையே அளந்துவிடுவது. இரண்டாவது விஷயத்தில்தான் அவருக்கு உண்மையான ஆசை என்று எனக்குத் தோன்றுகிறது. காசு தருகிறவனுக்கு வரைபடம், எனக்குப் பூமி என்கிற கணக்கு. வெல்லெஸ்லியின் சிபாரிசும் இருந்ததால் சென்னை கவர்னர் எட்வர்ட் கிளைவ் ஒப்புக்கொண்டார்.

எல்லோரும் ஒப்புக்கொள்ளவில்லை. கணக்கு வழக்கு பார்க்கிற அதிகாரி ஒருவர், ஸ்ரீரங்கப்பட்டணத்துக்குப் போகிறவர் தன் பல்லக்குத் தூக்குகிற ஆட்களிடம் சொன்னாலே போதும், லாம்ப்டனின் வரைபடம் இல்லாமலே அவர்கள் கொண்டுபோய்ச் சேர்த்துவிடுவார்கள் என்று கேலி பண்ணினாராம். யோசித்தால் அதில் நியாயம் இல்லாமல் இல்லை. பல்லக்குக்காரருக்கு வழி தெரியும். காட்டுப்பள்ளி மீனவருக்கு முகத்துவாரம் எங்கே ஆழம், எங்கே மணல் மேடு என்று தெரிகிற மாதிரி. ஆனால் வழி தெரிவதும் தூரம் தெரிவதும் ஒன்றில்லை.

பழைய வரைபடங்களில் ஏன் 40 மைல் தவறு? தெருத்தெருவாகச் சக்கரத்தை உருட்டி அளந்த தூரங்களை ஒட்ட வைத்தும், நட்சத்திரத்தையும் வியாழனின் நிலவுகளையும் பார்த்து ஊர்களின் இடத்தைக் குறித்தும் அவற்றைப் போட்டார்கள். அட்சரேகை ஓரளவு சரியாக வரும். தீர்க்கரேகைதான் தலைவலி. பூமி 4 நிமிடத்தில் ஒரு டிகிரி சுழல்கிறது. நம்ம சென்னை இருக்கிற அட்சரேகையில் ஒரு டிகிரி என்றால் சுமார் 108 கி.மீ. ஆக, நேரத்தைக் கணிப்பதில் இரண்டரை நிமிடம் பிசகினாலே 64 கி.மீ. போய்விடும். நேரத்தை நம்பாமல் தரையை நம்புவோம் என்பதுதான் லாம்ப்டனின் வழி.

கருவிகளின் கதை தனி சினிமா. நூறு அடி நீள எஃகுச் சங்கிலி ஒன்று அவருக்குக் கிடைத்தது. லண்டனில் ராம்ஸ்டன் செய்தது. அது இந்தியாவுக்கு என்று செய்ததே இல்லை. 1793-ல் மெக்கார்ட்னி பிரபு தலைமையில் சீனப் பேரரசருக்குப் பரிசுகளோடு போன தூதுக்குழு எடுத்துப்போனது. சீனா வேண்டாம் என்றது. கூடப் போன டின்விடி என்ற அறிவியலாளர் கைக்கு வந்து, அவரோடு கல்கத்தாவுக்கு வந்து, அங்கிருந்து லாம்ப்டனிடம் விலைக்கு வந்தது. பெய்ஜிங்கில் வேண்டாப் பொருளாக இருந்தது பரங்கிமலையில் வேலைக்கு வந்தது. இங்கிலாந்தில் கேரி என்பவர் செய்த தியோடலைட்டின் எடை அரை டன். அது வந்த கப்பலைப் பிரெஞ்சுக்காரர்கள் பிடித்து மொரீசியஸுக்குக் கொண்டுபோனார்கள். பெட்டியைத் திறந்து பார்த்தால் அறிவியல் கருவி. போர் நடந்துகொண்டிருக்கும்போதே, அந்தத் தீவின் கவர்னர் அதைப் பத்திரமாகக் கட்டி, வாழ்த்துக் கடிதத்தோடு சென்னைக்கு அனுப்பி வைத்தார்.

1802 ஏப்ரல் 10. பரங்கிமலைக்கும் பெரும்பாக்கத்துக்கும் நடுவே, தட்டையான நிலத்தில், அடிக்கோடு அளக்க ஆரம்பித்தார்கள். இன்றைக்கு வேளச்சேரி, மேடவாக்கம் பக்கம் போகிறவங்க டிராஃபிக்கில் நின்று வெறுக்கிற பகுதி. நீளம் 40,006 அடிக்குக் கொஞ்சம் மேல், ஏழரை மைல், நமக்குப் புரிகிற கணக்கில் 12.19 கி.மீ. சங்கிலியை அப்படியே தரையில் போட்டு இழுக்கவில்லை. மரப்பெட்டிகளில் கிடத்தி, பெட்டிகளை முக்காலிகள் மேல் திருகாணி வைத்துச் சமன் பண்ணி, பெட்டிக்குப் பெட்டி வெப்பமானி வைத்து, 400 முறை எடுத்து எடுத்து வைத்தார்கள்.

வெப்பமானி எதற்கு? எஃகு சூட்டில் நீளும். ஒரு டிகிரி செல்சியஸுக்கு ஒரு மீட்டரில் 0.0117 மில்லிமீட்டர்தான். ஒன்றுமில்லை மாதிரி இருக்கு, இல்லையா? காலையிலிருந்து மத்தியானத்துக்குள் 10 டிகிரி ஏறுகிறது என்று வையுங்க. 12.19 கி.மீ. முழுவதுக்கும் அது 1.4 மீட்டர் பிழை. இந்த அடிக்கோட்டை நம்பித்தான் மங்களூர் வரைக்கும் முக்கோணம் போகப்போகிறது. அடியில் தவறினால் எல்லாமே அதே விகிதத்தில் தவறும். ஏப்ரல், மே சென்னை வெயிலில் வாரக்கணக்காக, ஒவ்வொரு முறையும் சூட்டைப் படித்து, எழுதி, திருத்தி. நம்ம சர்வே லேபில் மூன்று மணிநேரம் வெயிலில் நின்றதற்கே ஓடி மறு வாசிப்பு எடுக்காமல் சராசரி போட்டு முடிக்கிற ஆட்கள் இருக்காங்க. பேர் சொல்ல மாட்டேன்.

பிறகு மேற்கே கிளம்பினார்கள். மலை மேல் மலையாக ஏறி, கொடி நட்டு, கோணம் படித்து, அடுத்த முக்கோணம். முக்கோணங்கள் பெரியவை என்பதால் இன்னொரு சிக்கல்: பூமி வளைந்தது. தாளில் மூன்று கோணமும் சேர்ந்தால் 180 டிகிரி. பக்கத்துக்கு 50 கி.மீ. உள்ள முக்கோணத்தைத் தரையில் அளந்தால் 5 செகண்டுக்கு மேல் கூடுதலாக வரும். அதையும் அவர் கணக்கில் எடுத்தார். காற்றில் ஒளி வளைவதையும் எடுத்தார். இதெல்லாம் கால்குலேட்டர் இல்லாமல், லாக் அட்டவணை வைத்து.

1804-ல் பெங்களூர் பக்கம் வந்து சேர்ந்தபோது பரீட்சை. முக்கோணங்கள் வழியாக அங்கே ஒரு கோட்டின் நீளம் எவ்வளவு வரவேண்டும் என்று கணக்குப் போட்டார்கள். பிறகு அதே கோட்டைச் சங்கிலியால் நேராக அளந்தார்கள். சென்னையிலிருந்து 300 கி.மீ. அளவுக்கு மலை, பள்ளம் எல்லாம் தாண்டி வந்த கணக்குக்கும், தரையில் கிடந்த சங்கிலிக்கும் வித்தியாசம் 4 அங்குலத்துக்கும் குறைவு. ஏழு மைல் அளவிலான கோட்டில் ஒரு கைப்பிடி கூட இல்லை. அந்த ராத்திரி அவர் என்ன செய்தார் என்று எங்கேயும் எழுதவில்லை. நானாக இருந்தால் தூங்கியிருக்க மாட்டேன்.

அங்கிருந்து குடகு மலைகள், அரபிக்கடல், மங்களூர். 1806 வாக்கில் விடை கையில் இருந்தது: 360 மைல். மணிக்கு 800 கி.மீ. போகிற விமானத்துக்குக் காணாமல் போன 40 மைல் வெறும் 5 நிமிடம். 15 நாட் வேகத்தில் போகிற கப்பலுக்கு அது இரண்டே கால் மணி நேரம். சக்கரத்தை உருட்டி நடந்த ஆட்களுக்கு இரண்டு, மூன்று நாள் நடை.

அவரோடு வேலை பார்த்த இரண்டு பேரைச் சொல்லாமல் போக முடியாது. ஒருவர் ஜான் வாரன். கேஜிஎஃப் படத்தைத் திரும்பத் திரும்பப் பார்த்தவங்களுக்கு: மைசூரின் கிழக்கு எல்லையை அளக்கப் போனபோது, கோலார்ப் பக்கத்துக் கிராமத்து மக்கள் மண்ணில் தங்கம் எடுப்பதை விசாரித்து எழுதியவர் இவர்தான். இன்னொருவர் ஹென்றி கேட்டர். மலையும் காய்ச்சலுமாக உடம்பு கெட்டு இங்கிலாந்துக்குத் திரும்பி, 1817-ல் ஒரு ஊசலை உருவாக்கினார். பிசிக்ஸ் லேபில் g மதிப்புக் கண்டுபிடிக்க நம்ம ஆட்டுகிற கேட்டர் ஊசல் அதுதான்.

அடுத்தது தெற்கு வடக்கு: பெருவில். 78-ஆம் தீர்க்கரேகையை ஒட்டி, குமரியிலிருந்து வடக்கே எவ்வளவு முடியுமோ அவ்வளவு. காவிரிச் சமவெளியில் பிரச்சினை வந்தது. மலையே இல்லை, தென்னையும் பனையும் பார்வையை மறைக்கின்றன. அங்கே உயரமான இடம் எது? கோயில் கோபுரம். 1808-ல் தஞ்சாவூர்ப் பெரிய கோயிலில் அரை டன் தியோடலைட்டைக் கயிறு கட்டி மேலே இழுத்தார்கள். கயிறு அறுந்தது. கருவி சுவரில் மோதி, கோணம் படிக்கிற பெரிய வட்டத் தகடு நெளிந்துபோனது. கோணம் படிக்கிற வட்டம் வட்டமாக இல்லை என்றால் எல்லாம் முடிந்தது. இங்கிலாந்துக்கு எழுதி இன்னொன்று வரவழைக்க வருஷங்கள் ஆகும். லாம்ப்டன் யார் மேலும் கத்தவில்லை. கூடாரத்துக்குள் போய் அடைத்துக்கொண்டார். ஆப்பு, திருகாணி, கப்பி வைத்து, நெளிந்த இடத்தை மயிரிழை மயிரிழையாக இழுத்து இழுத்து, ஏறத்தாழ ஆறு வாரத்தில் பழைய வட்டத்துக்குக் கொண்டுவந்தார். அந்தத் தியோடலைட் அதற்கப்புறமும் பல வருஷம் ஓடியது. இன்றைக்கு டேராடூனில் இந்திய நில அளவைத் துறையிடம் இருக்கு.

இங்கே ஒரு கேள்வியை நீங்களே கேட்டிருப்பீங்க: அரை டன்னை மலைக்கு மலை தூக்கியது யார்? லாம்ப்டனின் காகிதங்களில் கோணங்களுக்கு எண் இருக்கு, மலைகளுக்குப் பெயர் இருக்கு. சுமை தூக்கியவர்கள், கொடி பிடித்தவர்கள், சங்கிலி வைத்தவர்கள், காட்டை வெட்டி வழி பண்ணியவர்கள், இவர்களில் பெரும்பாலோருக்குப் பெயர் இல்லை. கிருஷ்ணா, கோதாவரி நடுவே உள்ள காடுகளில் காய்ச்சல் வந்தபோது குழு மொத்தமாகச் சரிந்தது, பலர் செத்தார்கள். அப்போது அந்தக் குழுவை நடத்தியவர், 1818-ல் லாம்ப்டனுக்கு உதவியாளராக வந்த ஜார்ஜ் எவரெஸ்ட். அவர் உடம்பைத் தேற்றிக்கொள்ளத் தென்னாப்பிரிக்காவுக்குப் போனார். சுமை தூக்கியவர்களுக்கு அந்த வசதி கிடையாது.

வரைபடம் யாருக்காக என்பதும் சும்மா கேள்வி இல்லை. கம்பெனிக்காரர்கள் அறிவியல் ஆர்வத்தில் மட்டும் இருபது வருஷம் பணம் கொட்டவில்லை. கோடு போட்டவன் கையில்தான் நிலம் வரும். நம்ம பக்கத்திலேயே பாருங்க: 1996-ல் ஒப்புதல் வாங்கிய கடற்கரை மண்டல வரைபடத்தில் இருந்த எண்ணூர்க் கழிமுகம், பிறகு வந்த ஒரு வரைபடத்தில் இல்லை என்று 2017-ல் மீனவர்களும் சூழல் ஆர்வலர்களும் எழுப்பிய பிரச்சினை பேப்பரில் எல்லாம் வந்தது. ஆறு அதே இடத்தில் ஓடிக்கொண்டுதான் இருக்கு, இறால் அதே இடத்தில்தான் பிடிக்கிறாங்க. தாளில் மட்டும் இல்லை. லாம்ப்டன் 40 மைலை அழித்தது, தரையைத் திரும்பத் திரும்ப அளந்து பார்த்துவிட்டு. அதனால்தான் அவரை எடுத்து வைத்துப் பேசுகிறேன்.

லாம்ப்டனும் எவரெஸ்ட்டும் அளந்ததை வைத்து 1830-ல் எவரெஸ்ட் ஒரு பூமி வடிவத்தைக் கணக்கிட்டார். நடுவில் கொஞ்சம் உப்பி, துருவங்களில் தட்டையான அந்த வடிவத்துக்கு எவரெஸ்ட் நீள்வட்டக் கோளம் என்று பெயர். அதில் நிலநடுக்கோட்டு ஆரம் 6,377.276 கி.மீ. இன்றைய ஜிபிஎஸ் பயன்படுத்துகிற மாதிரியில் 6,378.137 கி.மீ. வித்தியாசம் 861 மீட்டர். பூமியை விட்டு ஒரு அடி மேலே போகாமல், பெரும்பாலும் இந்தியத் தரையை மட்டும் அளந்து, உலகத்தின் ஆரத்தை ஒரு கிலோமீட்டர் பிழைக்குள் சொன்ன கணக்கு அது. இந்திய வரைபடங்கள் மட்டுமில்லை, பர்மா, தாய்லாந்து, மலேசியா, சிங்கப்பூர் வரைபடங்களும் அந்த வடிவத்தையும் அதன் சின்னச் சின்ன மாற்றங்களையும் வைத்துத்தான் பல காலம் போடப்பட்டன.

அதனால் அடுத்த தடவை சென்னை, சிங்கப்பூர் என்று ஆப்பில் போடும்போது, சுமார் 2,900 கி.மீ., நான்கு மணி நேரம் என்று வருகிறதே, இந்தக் கணக்கும் அதே வகைதான்: கோளத்தின் மேல் இரண்டு புள்ளி, அவற்றுக்கு நடுவே மிகக் குறுகிய வளைவு. காட்டுப்பள்ளியில் கன்டெய்னர் ஏற்றிக் கிளம்புகிற கப்பல் அதே சிங்கப்பூருக்கு இலங்கையைத் தொடாமல் கிழக்கே அந்தமான் கடல் தாண்டி மலாக்கா நீரிணை வழியாகப் போகிறது. சுமார் 1,600 கடல் மைல், 15 நாட் வேகத்தில் நான்கரை நாள். கப்பலுக்கு நிலம் குறுக்கே நிற்கும். விமானத்துக்கு நிற்காது, அதனால் அது கணிதக் கோட்டுக்குக் கிட்டத்திலேயே பறக்க முடிகிறது. ஆனாலும் நான்கு மணி நேரம் என்பது தூரத்தை வேகத்தால் வகுத்த விடை மட்டுமில்லை. ஏறுவது, இறங்குவது, எதிர்க்காற்று, ஓடுபாதைக்காகக் காத்திருப்பது எல்லாம் அதில் சேரும்.

லாம்ப்டன் தன் கடைசி வருஷங்களை ஐதராபாத் பக்கம் கழித்தார். பெருவில் குமரியிலிருந்து வடக்கே பிதார் வரை, கிட்டத்தட்ட 10 டிகிரி, வந்திருந்தது. 1817-ல் லண்டன் ராயல் சொசைட்டி அவரை உறுப்பினராக்கியது. அடுத்த வருஷம் அவருடைய வேலைக்குப் பெரும் முக்கோண அளவை என்று பெயர் வைத்து, சென்னை அரசிடமிருந்து கல்கத்தா தன் கைக்கு எடுத்துக்கொண்டது. வயது எழுபதை ஒட்டியும், நுரையீரல் நோயோடு இருமிக்கொண்டே, முகாமை வடக்கே நகர்த்தினார். 1,65,000 சதுர மைலுக்கு மேல் முக்கோணங்களால் மூடியிருந்தார். ஊருக்குத் திரும்பிப் போகவேண்டும் என்ற பேச்சே இல்லை.

1823 ஜனவரியில், ஐதராபாத்திலிருந்து நாக்பூருக்குப் போகிற வழியில், ஹிங்கன்காட் என்ற ஊரில் கூடாரத்தில் இறந்தார். அங்கேயே புதைத்தார்கள். மிச்ச வேலையை எவரெஸ்ட் எடுத்துக்கொண்டு இமயமலை அடிவாரம் வரை, சுமார் 2,400 கி.மீ. நீளத்துக்கு, பெருவில்லை முடித்தார். பிறகு உலகின் உயரமான சிகரத்துக்கு எவரெஸ்ட் பெயரை வைத்தார்கள். லாம்ப்டனுக்குப் பரங்கிமலை மேல் ஒரு மார்பளவுச் சிலை இருக்கு. மலை ஏறினால் சர்ச்சைப் பார்த்துவிட்டு, ரன்வேயில் இறங்குகிற விமானங்களை ரீல்ஸ் எடுத்துவிட்டுத்தான் எல்லோரும் இறங்குகிறோம். விமானம் தெரிகிற பக்கத்தை விட்டுக் கொஞ்சம் தள்ளித் தேடுங்க.